கையெழுத்து இல்லாத கடிதம்

ரஹிமோ அந்த வருஷம் ஆண்செடிகளைப் பிடுங்கவில்லை.

எங்கள் கெத்தாமா மலையில் இது சாதாரண விஷயமில்லை. ஜூலை பிறந்துவிட்டால் கஞ்சா போட்ட வீட்டுப் பெண்களுக்கு இடுப்பு நிமிராது. வரிசை வரிசையாக நடந்து ஆண்செடியைப் பார்த்துப் பிடுங்கிப் போட வேண்டும். விட்டுவைத்தால் அதன் மஞ்சள் தூள் காற்றோடு போய்ப் பெண்செடியில் விழுந்து, பூவெல்லாம் விதையாகிவிடும். நாட்டு விதை போட்டவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். மருந்துக் கம்பெனிக்கென்று வெளிநாட்டு விதை போட்டவனுக்கு அதோடு கதை முடிந்தது.

ரஹிமோவின் மேட்டு வயலில் நாட்டு விதை. அதற்கு நேர் கீழே, ஊற்றுத் தண்ணீர் பாய்கிற வயலில், ஹாஜ் அஸ்ஸூஸின் வெளிநாட்டுச் செடிகள். அந்தக் கீழ்வயல் ஒரு காலத்தில் ரஹிமோவின் கணவன் ஷுஐபுடையது.

பதினொரு வருஷத்துக்கு முன் போலீசுக்குக் கைப்பட எழுதிய ஒரு கடிதம் போனது. ரொட்டி அடுப்புக்குக் கீழே ஷுஐப் கஞ்சாக் கட்டு வைத்திருக்கிறான் என்று அதில் இருந்தது. எழுதியவன் பெயர் இல்லை. ஷுஐப் ஓடிப்போய் மேலே தேவதாருக் காட்டில் ஆடு மேய்ப்பவர்களோடு ஒளிந்துகொண்டான். வழக்குச் செலவுக்காக ரஹிமோ கீழ்வயலை விற்றாள். வாங்க வந்தது ஒரே ஆள், அஸ்ஸூஸ். கடிதம் போன அதே வாரம் அவளுடைய அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுடச்சுட ரொட்டி தின்று, வயலை விலைக்குக் கேட்டுவிட்டுப் போனவனும் அவன்தான். அடுப்புக்குக் கீழே இருந்ததை வெளியாள் வேறு யாரும் பார்த்ததில்லை.

வக்கீல் அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தார். ரஹிமோவுக்கு எழுத்து தெரியாது. பலரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, வரிக்கு வரி மனப்பாடமாக்கி வைத்திருந்தாள். எங்கள் பள்ளத்தாக்கில் இன்னும் எட்டு வீட்டுக்கு இதே மாதிரிக் கடிதத்தால் கேடு வந்தது. எழுதியது அஸ்ஸூஸ் என்று அவள் சொல்லும்போதெல்லாம் ஊர் உச்சுக் கொட்டியது, அவ்வளவுதான். அவன் கையெழுத்தை யார் கண்டார்கள்? எல்லாவற்றுக்கும் அவனுக்கு ஒரு குமாஸ்தா, ஒரு ரப்பர் முத்திரை.

பிறகு கஞ்சா போடலாம் என்று சட்டம் வந்தது. மருந்துக்கு மட்டும், மூன்று மாகாணத்துக்கு மட்டும், லைசென்ஸ் எடுத்தவருக்கு மட்டும். கஞ்சா வழக்குக்காரர்களுக்கு அரண்மனை மன்னிப்பும் ஒருமுறை வந்தது. அந்தப் பட்டியலில் ஷுஐப் பெயர் இல்லை. பிடிவாரண்டு உள்ளவன் அடையாள அட்டைகூடப் புதுப்பிக்க முடியாது. மகள் கல்யாணத்தை அவன் காட்டு விளிம்பில் நின்று பார்த்தான்.

இப்போது அஸ்ஸூஸ் தேர்தலில் நிற்கிறான். கஞ்சாவை நாடு முழுக்கச் சட்டபூர்வமாக்குவேன், மலையில் ஒளிந்திருக்கிற ஒவ்வொருவனையும் வீட்டுக்குக் கொண்டுவருவேன் என்று ஒலிபெருக்கியில் கத்துகிறான். காட்டிக்கொடுத்தவனே காப்பாற்ற வருகிறான்!

வசந்தத்தில் நடந்த லைசென்ஸ் வகுப்பில்தான் அவளுக்கு வழி கிடைத்தது. விவசாய அதிகாரி நஜாத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: பயிர் கெட்டால் புகாரை லைசென்ஸ்காரரே வயலில் வைத்தே கைப்பட எழுத வேண்டும், எழுத்து தெரியாதவர் மட்டும் கைநாட்டு வைக்கலாம். அஸ்ஸூஸ் பள்ளிக்கூடம் போன பெருமையைப் பீற்றிக்கொள்கிறவன். அவனை ஒரு கடிதம் எழுதவைத்துவிட்டால் போதும் என்று அன்றைக்கே அவள் முடிவுகட்டினாள்.

ஜூலையில் அவனே அவள் வாசலுக்கு வந்தான். கீழ்வயலுக்குப் போகிற பாதை அவள் வீட்டை ஒட்டித்தான் போகிறது.

"ரஹிமோ, தங்கச்சி, ஆண்செடியெல்லாம் தலைகாட்டுதே. இன்னுமா பிடுங்கல?"

"இடுப்பு வலி ஹாஜ். பிடுங்கிடுவேன்."

"நம்ம ஆளுங்கள அனுப்பவா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? ஓட்டு கேக்கிற வேலையப் பாருங்க."

"ஆகஸ்ட் கடைசில கட்சித் தலைவரு வர்றாரு, கம்பெனிக்காரன் வர்றான். என் வயலைக் காட்டித்தான் நாடு முழுக்கச் சட்டம் கேக்கப் போறோம். நான் ஜெயிச்சா மன்னிப்புப் பட்டியல்ல முதல் பேரு ஷுஐபோடது. போதுமா?"

"உங்க வாயால அவரு பேரைக் கேக்கறதே எனக்குப் பாக்கியம் ஹாஜ்."

புதினாத் தேநீரில் நாலு கட்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். எச்சில் துப்பிக் கொடுக்கலாமா என்றும் நினைத்தாள். அது சின்னப் பழி என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனாள். ஷுஐப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பிடுங்கிப் போட்டுடு ரஹிமோ. அவன் நாசமாப் போகட்டும். ஆனா அவன் ஜெயிச்சாத்தான் நான் வீட்டுக்கு வர முடியும்."

"அவன் தயவுல வருவீங்களா? காலமெல்லாம் அவன் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கணும்."

"குனிஞ்சாலும் என் வீட்டு வாசல்ல நிப்பேன்ல."

அது அவளை அறுத்துவிட்டது. இறங்கி வருகிற வழியெல்லாம் அழுதாள். வயலுக்கு வந்து ஒரு ஆண்செடியின் தண்டை இரண்டு கையாலும் பிடித்தாள். அடுப்பங்கரையில் அஸ்ஸூஸ் ரொட்டி தின்ற வாய் நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டாள்.

கிழக்குக் காற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. கீழ்வயல் மேலெல்லாம் மஞ்சள் தூள். அஸ்ஸூஸ் ஊர் ஊராக ஓட்டுக்கு அலைந்துகொண்டிருந்தான். அவனுடைய வேலையாட்கள் பார்த்தார்கள். அவர்கள் வீட்டுக்கும் பெயர் போடாத கடிதத்தால் கேடு வந்திருந்தது. எழுதியது யார் என்று ரஹிமோ சொன்னதை அவர்கள் மறக்கவில்லை. ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் நாலு கார் வந்தது. கட்சித் தலைவர், கம்பெனிக்காரன், அதிகாரி நஜாத், பின்னால் பாதி ஊர். கம்பெனிக்காரன் ஒரு பூக்கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினான். விதையாகக் கொட்டியது. இன்னொன்றைக் கசக்கினான். அதிலும் விதை.

"இது மருந்துக்கு ஆகாது ஹாஜ். கோழிக்குப் போடுங்க."

அஸ்ஸூஸ் மேட்டை அண்ணாந்து பார்த்தான். முகம் கறுத்துவிட்டது.

"அந்தக் குடிகேடி! வேணும்னே பண்ணிட்டா!"

ரஹிமோ லைசென்ஸ் அட்டையைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள்.

"நாட்டு விதை ஹாஜ். ஆண்செடி இல்லாம அடுத்த வருஷ விதைக்கு நான் எங்க போவேன்?"

நஜாத் படிவத்தை நீட்டினாள். "புகார் இருந்தா எழுதிக் குடுங்க." குமாஸ்தா கையை நீட்டினான். "நீங்க இல்ல. லைசென்ஸ்காரர் எழுதணும்."

"எழுதுங்க ஹாஜ்," என்றாள் ரஹிமோ. "இந்தத் தடவை பேரையும் போட்டு எழுதுங்க."

கோபம் தலைக்கேறியவனுக்கு அது காதில் விழவில்லை. கார் மூக்கின் மேல் படிவத்தை வைத்து மளமளவென்று எழுதினான். பாதிப் பக்கம் ஓடியதும், ரஹிமோ மடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் இருந்த நகலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு எழுத்து தெரியாது. தெரிஞ்சவங்க வந்து பாருங்க."

அஸ்ஸூஸின் பேனா நின்றுவிட்டது. வேலையாள் மீலூத் முதலில் குனிந்தான். அவனுடைய அப்பா அப்படியொரு கடிதத்தால் உள்ளே போய், உள்ளேயே செத்தவர். இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒரே கை," என்றான்.

பிறகு எட்டு வீட்டுக்காரர்களும் வரிசையாக வந்து பார்த்தார்கள். யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். கட்சித் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறிவிட்டார்.

தேர்தலில் எங்கள் ஊர்ப் பெட்டியில் அஸ்ஸூஸுக்கு விழுந்தது ஒன்பது ஓட்டு. அவன் வீட்டிலேயே பத்துப் பேருக்கு ஓட்டு உண்டு. ஜெயித்தவனும் நாடு முழுக்கச் சட்டம் என்கிறான், அடுத்த வருஷம் என்கிறான்.

ரஹிமோ ரொட்டியோடு காட்டுக்குப் போய்ச் சொன்னாள். ஷுஐப் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"அப்ப இந்தக் குளிர்காலமும் எனக்கு இங்கதானா?"

"இங்கதான். என்னைத் திட்டணும்னா திட்டுங்க."

அவன் திட்டவில்லை. ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தொட்டான்.

"அந்தக் கடிதத்த என்ன பண்ணின?"

"நம்ம வாசக்கதவுல ஒட்டியிருக்கேன். வயலுக்குப் போகணும்னா அவன் தினமும் அதத் தாண்டித்தான போகணும்?" ரஹிமோ தலைத்துணியின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அடியில கையெழுத்து இல்லாம மொட்டையா இருந்துச்சு. மீலூத்த விட்டு அவன் பேரைப் பெருசா எழுதச் சொல்லிட்டேன்."