பிள்ளையாருக்கு முன்னால் காத்திருந்த உறை

எங்கள் வீட்டுச் சாமி அலுமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு பழுப்பு உறை இருக்கிறது. அதன்மேல் சிவப்பு மையில் ‘பிந்திக் கிடைத்தது’ என்று முத்திரை. வெள்ளிக்கிழமை தூசு தட்டும்போதெல்லாம் மிஸ்ஸின் முகம் ஞாபகத்துக்கு வரும்.

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் பியோனாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அங்கே விரிவுரையாளராக வந்த மிஸ், கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். லயத்துச் சனம் குடிக்கும் தண்ணீரை இரண்டு வருடமாகப் போத்தல் போத்தலாகப் பிடித்து வந்து சோதித்தார். அதை ஆய்வு மாநாட்டில் வாசித்தால்தான் பெரியவர்கள் காதில் விழும். அதற்கு முதலில் ஒரு பக்கச் சுருக்கம் கொடுக்க வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

அன்று பத்தே முக்காலுக்கு உறையை என் கையில் தந்துவிட்டு மிஸ் வகுப்புக்குப் போனார். எனக்கோ மனம் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு வரை ராகு காலம். இவ்வளவு நல்ல காரியத்தை அந்த நேரத்திலா கொடுப்பது? ஐந்து நிமிடம் பிந்தினால் என்ன குடிமுழுகிவிடும் என்று, வழியிலிருந்த பிள்ளையாருக்கு முன்னால் உறையை வைத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

மாநாட்டுச் செயலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். கடிகாரத்தைக் காட்டினார். “பன்னிரண்டு ஏழு. உங்கட மிஸ்ஸுக்கு ஒருக்காப் பெட்டியைத் திறந்தால் எல்லாருக்கும் திறக்க வேணும், தம்பி.” முத்திரையைக் குத்தித் திருப்பித் தந்துவிட்டார்.

நடந்ததை மறைக்காமல் மிஸ்ஸிடம் சொன்னேன்.

“இன்னும் ஒரு வருஷம் அந்தத் தண்ணியத்தான் குடிப்பாங்க அண்ணே” என்றார். பிறகு, “என் பேரச் சொல்லியா கும்புட்டீங்க?”

“ஆமா மிஸ்.”

“அப்ப ஒங்கள எப்புடித் திட்டுறது? போங்க, போய் டீ குடிங்க.”

துறைத் தலைவர் காரணம் கேட்டபோது, “நான்தான் சார் லேட்டாக் குடுத்தேன்” என்றார் மிஸ். கதவருகே நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிஸ் குப்பைக் கூடையில் போட்ட அந்த உறையை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடமும் கடைசி நாள் வெள்ளிக்கிழமையாகவே வந்தது. அதே நேரத்துக்கு மிஸ் உறையை நீட்டினார்.

“வேற யாருகிட்டயாவது குடுங்க மிஸ்” என்றேன்.

“ஏன், பிள்ளையாரு இன்னைக்கு லீவா? நீங்கதான் போகணும்.”

போனேன். அதே ராகு காலம். பிள்ளையாரைத் தாண்டும்போது நிற்கவில்லை. “அப்பனே, இன்னைக்கு நேரமில்ல, நீயும் கூடவே வா” என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். பதினொன்றுக்கெல்லாம் உறை பெட்டிக்குள் விழுந்தது. மிஸ் அந்த வருடம் மாநாட்டில் வாசித்தார்.

இப்போது என் மகள் எல்லாவற்றையும் போனிலேயே அனுப்பிவிடுகிறாள், ராகுவும் பார்ப்பதில்லை, குளிகனும் பார்ப்பதில்லை. நான் இன்றும் பார்க்கிறவன்தான். “ஏத்துக்கிட்ட கடுதாசி இருந்தா வைக்கலாம், திருப்பி அனுப்புனத ஏன் சாமிகிட்ட வச்சிருக்கீங்க?” என்று வீட்டுக்காரி கேட்பாள். ஏற்றுக்கொண்டது மிஸ்ஸுடையது. இது, அவர் என்னை மன்னித்த உறை.