இடுப்பில் குழந்தையோடு ஒரு தனித்தேர்வர்

டுடோரியலில் தமிழ் நடத்துபவனுக்குச் சம்பளம் ஒற்றுப்பிழை திருத்துவதற்கு. ஊரின் மற்ற பிழைகள் இலவச இணைப்பாக வந்துவிடும். சிவப்புப் பேனா பிடித்துக் கை காய்த்த சக ஆசிரியர்களான உங்களுக்குத் தெரியாததா?

வேலப்பன்சாவடியில் எங்கள் டுடோரியலுக்கு ரேகா வந்தபோது வயது பதினெட்டு. பதினேழில் கர்ப்பமானதால் பிளஸ் டூ பாதியில் நின்றது. மகனுக்கு எட்டு மாதம். பையனின் தகப்பன் ஊரிலேயே இல்லை. ஊர் கேள்வி கேட்டதோ ரேகாவை மட்டும். அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. ஒரே தடவைதான், தேறாவிட்டால் கம்பெனி வேலை என்று அவள் அம்மா கெடு வைத்திருந்தார்.

காரணம்

எங்கள் சேர்க்கைப் படிவத்தில் ‘படிப்பு நின்ற காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. இப்படி வரும் பெண்களுக்கெல்லாம் எங்கள் கிளார்க் ‘உடல்நலமின்மை’ என்று தானே எழுதிவிடுவார். மரியாதையாக இருக்குமாம். ரேகா அதை அடித்துவிட்டு ‘குழந்தை’ என்று எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ழகரம் சரியாகவே இருந்தது. பேச்சில்தான் காணோம்.

“ஒடம்பு நல்லாத்தான் சார் இருந்துச்சு. கொயந்த தான் இருந்துச்சு.”

இரண்டாவது பெஞ்சு

இரண்டாவது பெஞ்சில் ரேகா பக்கத்தில் உட்காரும் மாணவியின் அம்மா பாரிவாக்கத்திலிருந்து வந்தார். “அந்தப் பொண்ணு பக்கத்துல எம் பொண்ண ஒக்கார வெக்காதீங்க சார். ஒட்டிக்கும்” என்றார். கர்ப்பம் தொற்றுநோய்ப் பட்டியலில் இல்லை என்று விளக்க நான் தொண்டையைச் செருமுவதற்குள் மகளே முந்திக்கொண்டாள்.

“நீ சும்மா இரும்மா. ரேகா சொன்னாத்தான் எலக்கணம் புரியுது. சார் சொன்னா தூக்கம் வருது.”

வாசலில்

தேர்வு மையம் பூந்தமல்லியில். முதல் நாள் நானும் போயிருந்தேன். குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டிய அம்மாவை இன்னும் காணோம். இடுப்பில் பையனோடு நின்ற ரேகாவைக் காவலாளி மறித்தார். “பெத்தவங்க வெளிய நிக்கணும்மா. எழுதற பொண்ணு எங்க?”

“ரெண்டும் நான்தாண்ணா” என்று ஹால் டிக்கெட்டை நீட்டினாள். அதில் ‘தனித்தேர்வர்’ என்றிருந்ததைப் படித்துவிட்டு அவர் குழந்தையைப் பார்த்தார். சுற்றி நின்ற பெற்றோர் கூட்டமும் பார்த்தது. யாரோ சிரித்தார்கள்.

அதற்குள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தார் அவள் அம்மா. சிரித்த பக்கம் ஒரு பார்வை. பையனை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்:

“இவளப் பெத்தவ நானு. நீ உள்ள போம்மா. இப்ப பாஸாவலன்னா இன்னொருவாட்டி எழுது, நான் வந்து நிக்கிறேன்.”

ரேகா முதல் தடவையிலேயே தேறி நர்சிங்கிலும் சேர்ந்துவிட்டாள். ‘அவ நல்லா வருவான்னு அப்பவே சொன்னோமே’ என்கிறது அவளுடைய ஊரான சென்னீர்குப்பம், அப்போது அது சொன்னதையெல்லாம் கேட்ட எங்கள் காதுகள் பக்கத்திலேயே இருப்பதை மறந்து.