ஆறு மணிக்கு மேல் சொல்லலாம்

எலிஷ்வா எங்கள் கட்சிக்காகப் பத்தொன்பது வருடம் வாக்குச்சாவடி வாசலில் நின்றவள். கட்சியில் அவளுக்கு எந்தப் பதவியும் கிடையாது. கேட்டதும் இல்லை. கூட்டம் நடந்தால் நாற்காலி எடுத்துப் போடுவாள், முடிந்ததும் அடுக்கி வைப்பாள். தேர்தல் வந்தால் மட்டும் அவள் ராணி. நாங்கள் வந்து குடியேறிய ஃபேர்ஃபீல்டில் எந்த அசீரியக் குடும்பம் எந்தத் தெருவில் இருக்கிறது, யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. உள்ளூர்த் தலைவர்கள் கணினியில் வைத்திருந்த பட்டியலை அவள் தலையில் வைத்திருந்தாள்.

பாக்தாத்தில் தோரா பகுதியில் பிறந்தவள். இங்கே வந்து கோழி வெட்டும் ஆலையில் பதினேழு வருடம் வேலை. விரல் மூட்டுகள் வீங்கிப் போய் நின்றுவிட்டாள். கணவர் எப்போதோ போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. இருந்தது ஒரே தம்பி, கோஷாபா. அவன் மனைவியை இழந்து, மகள் அர்பெலாவோடு அம்மானில் எட்டு வருடமாக விசாவுக்குக் காத்திருந்தான். அங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. இரண்டு முறை விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது விண்ணப்பத்தோடு எங்கள் தொகுதி உறுப்பினரின் ஆதரவுக் கடிதம் சேர்ந்தால் நடக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். உறுப்பினரும் தருகிறேன் என்றார். தேர்தல் முடியட்டும் என்றார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஜெயித்தால்தானே கடிதம். அதனால் எலிஷ்வா அந்த வருடம் அவருக்காக நிற்கவில்லை, தம்பிக்காக நின்றாள்.

நான் நர்கிஸ். அவளுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். நானும் அதே கூட்டத்தில், வேட்பாளர்களுக்கு எந்த வரிசையில் எண் போடுவது என்று காட்டும் கட்சி அட்டையை வாசலில் நின்று கொடுத்தவள்தான். இந்தக் கதையில் என் பங்கு என்ன என்பதை மறைக்கப் போவதில்லை.

தேர்தலுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை, அர்பெலா எனக்குப் போன் செய்தாள். அத்தைக்குச் செய்யவில்லை. எங்கள் அசீரியர்களுக்குள் அப்படித்தான். கெட்ட செய்தியை நேராகப் போனில் போட்டு உடைக்க மாட்டோம். தூரத்தில் இருப்பவனிடம் மூன்றாவது ஆள் மூலமாகத்தான் போகும். அந்த ஆள், காஷா என்று நாங்கள் கூப்பிடும் பாதிரியாரையும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொல்வான். இறந்து ஒரு வாரம் கழித்துக்கூடச் சொல்லியிருக்கிறோம். கல்யாணம் நடக்கிற வீடு என்றால் கல்யாணம் முடியட்டும் என்று வைப்போம். சொல்லாதவன் மேல் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

"ஆன்ட்டி, அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். டாக்டர் ரெண்டு நாள் தாங்கினா பெருசுங்கிறார். அப்பா அத்தையோட பேசணும்னு கேட்டுக்கிட்டே இருக்கார். நீங்க போய் பக்குவமா சொல்லி, பேச வைங்க."

நான் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். வாசல்வரை போனவள் நின்று, ராம்சினுக்குப் போன் போட்டேன். ராம்சின் எங்கள் அசீரியத் தொண்டர்களுக்கு ஒருங்கிணைப்பாளன். முப்பத்து நான்கு வயது, வக்கீல், நல்ல பையன். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, இப்ப ராத்திரியில தனியா இருக்கிற பொம்பளைகிட்ட போய் என்னன்னு சொல்லுவீங்க? காஷா நாளைக்கு சாயங்காலம்தான் ஃப்ரீ. ஆறு மணிக்கு ஓட்டு முடியுது. ஆறு மணிக்கு மேல நாம எல்லாரும் போய் முறையா சொல்லுவோம். நம்ம வழக்கமே அதுதானே?"

"அவன் பேசணும்ங்கிறானாமே."

"ரெண்டு நாள் இருக்குன்னு டாக்டரே சொல்றார். நாளைக்கு ராத்திரி பேசட்டும். நாளைக்கு அந்த வாசல்ல அவங்க இல்லன்னா நம்ம கதை கந்தல்தான், உங்களுக்கே தெரியும்."

தெரியும். போன முறை நூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்த தொகுதி. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். அன்று இரவு தூங்கினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நன்றாகவே தூங்கினேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் எலிஷ்வா நின்றாள். கட்சிச் சட்டையை ஸ்வெட்டருக்கு மேல் மாட்டியிருந்தாள், பார்க்க மூட்டை மாதிரி இருந்தது. வேலி முழுக்க வேட்பாளர்களின் முகங்கள். உள்ளே பெற்றோர் சங்கத்தார் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். "உன் போனை எங்கிட்ட குடுடி, கார்ல சார்ஜ் போடறேன்" என்றேன். மறுபேச்சு இல்லாமல் கொடுத்தாள். அதில் சார்ஜ் நிறைய இருந்தது.

அவள் அட்டை கொடுக்கிற விதமே தனி. மற்றவர்கள் கையை நீட்டுவார்கள், அவள் விசாரணை வைப்பாள்.

"நில்லு நில்லு. நீ யார் வீட்டுப் பொண்ணு?"

"ஷிமோன் பொண்ணு."

"எந்த ஷிமோன்? ஹபானியா ஊர்க்கார ஷிமோனா, காலை விந்தி நடப்பானே, அவனா? உங்கப்பனுக்கு முதல் வேலை வாங்கிக் குடுத்தது யாருன்னு வீட்ல போய்க் கேளு. இந்தா, இதுல இருக்கிற மாதிரியே ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் போடு. ஒரு கட்டம் விட்டாலும் ஓட்டு செல்லாது. ஏழைப் போட்டுட்டு எட்டை மறந்துடாத, உங்கப்பன் மாதிரி."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனாள். அட்டையைக் கையில் வைத்திருந்தாள்.

எதிர்க்கட்சிக்கு அட்டை கொடுத்தது கெவர்கிஸ், எலிஷ்வாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். எங்கள் ஆட்கள் இரண்டு கட்சியிலும் இருப்பார்கள், அப்படி இருந்தால்தான் யார் ஜெயித்தாலும் ஒரு கதவு திறக்கும் என்று பெரியவர்கள் கணக்கு. இரண்டு பேரும் காலையிலிருந்து வம்பிழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் அட்டையெல்லாம் குப்பைத்தொட்டியில கிடக்குது கெவர்கிஸ், பொறுக்கிட்டு வந்து மறுபடி குடு, பேப்பராவது மிச்சம்."

"நீ கத்துற கத்துல எனக்கு ஓட்டுப் போட வந்தவன்கூட பயந்து உன் அட்டையை வாங்கிட்டுப் போறான்."

பதினோரு மணி வாக்கில் கெவர்கிஸ் தேநீர் வாங்க வந்தவன் என் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

"கோஷாபா விஷயம் சொல்லிட்டீங்களா?"

அவனுக்கும் தெரிந்திருந்தது. அம்மானில் அவன் மனைவியின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

"ஆறு மணிக்கு" என்றேன்.

"சொன்னா அவ வீட்டுக்குப் போயிடுவா. எங்களுக்கு லாபம்தான். ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். லாபத்துக்காகச் சொல்ற மாதிரி இருக்குமேன்னு வரல." தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். "உங்களுக்கு ஏன் வரல?"

அவனிடம் பேச எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

ஒரு மணி பத்துக்கு அட்டைக் கட்டு எடுக்கக் காருக்குப் போனேன். இருக்கையில் கிடந்த எலிஷ்வாவின் போன் அடித்துக்கொண்டிருந்தது. அர்பெலா. அங்கே அப்போது காலை ஆறு மணி. எடுத்தேன்.

"ஆன்ட்டியா? அத்தை இல்லையா? அப்பா முழிச்சிருக்கார். தெளிவா பேசுறார். குடுங்க ஆன்ட்டி, சீக்கிரம் குடுங்க."

கார் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை நின்றது. மாதா கோயில் ஜெபம் முடிந்து எங்கள் ஆட்கள் கும்பலாக வருகிற நேரம் அதுதான். எலிஷ்வா ஒரு கிழவரின் கையைப் பிடித்து, கட்டங்களில் எண்ணை எப்படிப் போடுவது என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். இருபது அடி இருக்கும். நான் கதவைத் திறந்து நடந்திருந்தால் பதினைந்து எட்டு.

"அத்தை வேலையா இருக்காங்கம்மா. ஆறு மணிக்கு மேல கூப்பிடச் சொல்றேன்."

அந்தப் பக்கம் அர்பெலா அதை அப்படியே அப்பாவிடம் சொல்வது கேட்டது. பிறகு கோஷாபாவின் குரல். நன்றாகவே கேட்டது.

"விடு, விடு. அவளுக்கு இன்னிக்கு வேலை. எனக்காகத்தான் நிக்கிறா. தொந்தரவு பண்ணாத."

போனை வைத்துவிட்டு அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு போனேன். "எங்கடி போன இவ்வளவு நேரம்? கூட்டத்தைப் பாரு!" என்று எலிஷ்வா கத்தினாள். கட்டைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தேன். எனக்குள் எதுவும் நடக்கவில்லை. நடந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது வரிசைதான் தெரிந்தது.

நாலரைக்கு என் போனில் அர்பெலாவின் செய்தி. அப்பா போய்விட்டார். ராம்சினிடம் காட்டினேன். அவன் உடனே பாதிரியாருக்குப் போன் செய்தான். பிறகு இரண்டு பேரும் திரும்பிப் போய் மிச்சமிருந்த ஒன்றரை மணி நேரம் அட்டை கொடுத்தோம்.

ஆறு மணிக்கு வாசல் மூடியது. எலிஷ்வா வேலியிலிருந்த பதாகைகளை அவிழ்த்துச் சுருட்டினாள். "இந்தத் தடவை ஜெயிச்சோம், எழுதி வெச்சுக்கோ" என்றாள். வீட்டில் கால் வீக்கத்துக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் போனோம். காஷா முன்னால், ராம்சின், நான், இன்னும் மூன்று பெண்கள். எங்களை வாசலில் கும்பலாகப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. இப்படி எத்தனை வீட்டு வாசலில் அவளே நின்றிருக்கிறாள்.

"கோஷாபாவா?" என்றாள்.

காஷா தலையசைத்தார். அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தோம், குடித்தாள். எப்போது என்று கேட்டாள். இன்று மாலை என்றார் காஷா. எவ்வளவு நாளாக முடியவில்லை என்று கேட்டாள். ராம்சின் காஷாவைப் பார்த்தான். அவள் போனைக் கேட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்று பத்து, பேசியது இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

"யார் பேசினது?"

"நான்."

"அவன் பேசினானா?"

அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எலிஷ்வா அழவில்லை. உள்ளே போய்க் கறுப்பு உடை மாற்றிக்கொண்டு வந்து, வந்தவர்களுக்குத் துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை இல்லாத காப்பி வைத்தாள். அவளை உட்காரச் சொன்னோம், கேட்கவில்லை.

மூன்று நாளும் கோயில் மண்டபத்தில் துக்கம் கேட்டார்கள். அறுநூறு பேருக்கு மேல் வந்திருப்பார்கள். கெவர்கிஸ் மூன்று நாளும் கதவருகே நின்று காப்பி ஊற்றினான். நாங்கள் முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்திருந்தோம், அதில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெட்டி மட்டும் பாதிக்கு மேல் கொடுத்திருந்தது. அதை ராம்சின் அவளிடம் சொல்ல வந்தான், சொல்லாமலே போய்விட்டான். துக்கக்காரன் மாதிரி சவரம் செய்யாமல் தாடியோடு வந்திருந்தான். அவன் குடும்பத்தில் யாரும் சாகவில்லை.

உறுப்பினர் வாக்குத் தவறவில்லை. பன்னிரண்டாம் நாள் அர்பெலாவின் பெயரில் கடிதம் வந்தது. நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். எலிஷ்வா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள், மடித்தாள், மேசையில் வைத்தாள். எதிரில் உட்காரச் சொன்னாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"வழக்கம்னு சொல்லாத" என்றாள்.

"சொல்லல."

"நான் எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன்னு பயந்தீங்க."

"ஆமா."

"அட்டைக் கட்டை உன் கையில குடுத்துட்டு, அந்தக் காருக்குள்ள உக்காந்து ரெண்டு நிமிஷம் பேசியிருப்பேன் நர்கிஸ். அப்புறம் வந்து நின்னிருப்பேன். எனக்கு அர்பெலா இருக்காளே, அவளுக்கும் அந்தக் கடிதம் வேணுமே. நான் எங்கடி போகப் போறேன்?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.