லைட் டியூட்டியில் ஒரு தோள்

அந்தத் தோள் இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று நிர்வாகம் என்னைத்தான் கேட்டது, டாக்டரை அல்ல. ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் பணியாளர் அதிகாரியாக இருந்தேன். விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, வேலை நிரந்தரம் எல்லாமே என் கையெழுத்துக்கு வந்துதான் மேலே போகும். படித்தவன், சட்டம் தெரிந்தவன், யாரும் ஏமாற்ற முடியாதவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓசூரில் தொழிற்சாலைகளுக்கு இடையே கிரிக்கெட் போட்டி மும்முரமாக நடந்த வருஷங்கள் அவை. நன்றாக விளையாடும் பையன்களை டிரெய்னியாக எடுத்துக்கொள்வார்கள். காகிதத்தில் அவன் மெஷின் ஆபரேட்டர். உண்மையில் அவன் வேலை ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில்தான். மத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன் எங்கள் அணிக்கு வேகப்பந்து வீசினான். ஒல்லியான ஆள், நீண்ட கை. இரண்டு வருஷம் கேடயம் எங்கள் வரவேற்பறையில் இருந்ததற்கு அந்தக் கைதான் காரணம்.

மூன்றாவது வருஷம் அரையிறுதியில் ஒரு பந்தை வீசியவன் அப்படியே மைதானத்தில் உட்கார்ந்துவிட்டான். தோளில் தசைநார் கிழிந்திருந்தது. எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். பிறகு 'லைட் டியூட்டி' என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். கனமான வேலை கூடாது, ஸ்டோர்ஸில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். அவனுடைய டிரெய்னி காலம் முடிய நான்கு மாதம் இருந்தது. கை திரும்பி வருமானால் நிரந்தரம், வராது என்றால் அத்தோடு சரி. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

லைட் டியூட்டி என்றாலே எனக்குச் சந்தேகம்தான். ராகி அறுவடை வந்தால் எங்கள் ஆட்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். வெளியே ஏதாவது கிளினிக்கில் சீட்டு வாங்கி வந்துவிடுவார்கள். இடுப்பு வலி என்று சீட்டுக் கொடுத்த ஒருவனை நானே தொரப்பள்ளிப் பக்கம் வயலில் ராகிக் கட்டு சுமக்கும்போது பிடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு அறிவிப்புப் பலகையில் என் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை ஒட்டினேன்: எங்கள் ஆஸ்பத்திரி தவிர வெளியில் யாரிடம் வைத்தியம் பார்த்தாலும் லைட் டியூட்டி ரத்து. அதோடு இடுப்பு வலிகள் குறைந்தன. நான் நினைத்தது சரி என்று எடுத்துக்கொண்டேன்.

அவனை ஸ்டோர்ஸில் போட்டதும் கேலி ஆரம்பித்தது. ஒருநாள் கேன்டீனில் எனக்குப் பின்னால் இருந்த மேஜையில் பேச்சு நடந்தது.

"என்னப்பா மகாராஜா, லேபிள் ஒட்டி ஒட்டி விரல் வலிக்கப் போவுது. அதுக்கும் ஒரு சீட்டு வாங்கி வெச்சுக்க."

"வாங்குறப்ப உங்களுக்கும் சேர்த்து வாங்கியாறேண்ணா. உங்களுக்கு எங்க வலி, வாயிலதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் திரும்பாமலே அவன் சிரிப்பைக் கவனித்தேன். வலியிருப்பவன் இப்படிச் சிரிப்பானா என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது அந்த எண்ணத்தின் மடத்தனம் தெரிகிறது. அப்போது அது எனக்குச் சாட்சியமாகத் தோன்றியது.

மூன்று மாதம் கழித்து அவனுடைய ஃபோர்மேன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கிருஷ்ணகிரிக்காரர். "சார், நான் சொன்னேன்னு வெளிய தெரிய வேணாம். நம்ம பவுலரு அத்திப்பள்ளி கிரவுண்டுல பந்து போட்டுகினு இருக்கான். என் மச்சான் பார்த்திருக்கான்."

"எப்போது?"

"லீவு நாள்லதான் சார். வியாழக்கிழமை. பெங்களூர் கிளப்பு எதுவோ இழுக்குதாம். இங்க பர்மனென்ட் ஆயிட்டு, கையை அவங்களுக்கு வெச்சுக்குவான் போல. நமக்கு ஆயுசுக்கும் லேபிள்தான்."

மின்சாரத்தை மிச்சப்படுத்த எங்கள் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒவ்வொரு கிழமை விடுமுறை. எங்களுடையது வியாழன். அடுத்த வியாழன் காலை மனைவியிடம் வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அத்திப்பள்ளி பஸ் ஏறினேன். கர்நாடக எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம்தான். மைதானத்தின் ஓரத்தில் ஒரு டீக்கடை. அங்கே கன்னடப் பேப்பர்தான் கிடைத்தது. எனக்கு ஒரு வரியும் வாசிக்கத் தெரியாது. அதை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவன் வந்தான். கூடவே வழுக்கைத் தலையோடு ஒரு மனிதர், கையில் நோட்டுப் புத்தகம். பேட்ஸ்மேன் யாரும் இல்லை. ஒற்றை ஸ்டம்பு மட்டும். அவன் சில அடி ஓடி வந்து வீசினான். அந்த மனிதர் ஏதோ எழுதினார். ஆறு பந்துக்கு ஒருமுறை நிறுத்தி அவன் கையைத் தூக்கிப் பார்த்தார், தோளை அமுக்கிப் பார்த்தார், மறுபடியும் எழுதினார். நான் பந்துகளை எண்ணினேன். இருபத்து நான்கு. அதன் பிறகு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றித் தோளில் வைத்துக் கட்டினார்.

பேட்ஸ்மேன் இல்லை, பாதி வேகம், ஐஸ். எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. ஆனால் நான் அங்கே வரும்போதே அந்த மனிதரைக் கிளப்பின் ஆள் என்று முடிவு செய்திருந்தேன். எனவே நோட்டுப் புத்தகம் தேர்வுக் குறிப்பு ஆனது. பாதி வேகம், யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற தந்திரம் ஆனது.

மறுநாள் அவனைக் கூப்பிட்டேன். உட்காரச் சொல்லவில்லை.

"நேற்று எங்கேப்பா இருந்தே?"

"மத்தூர்லதான் சார். அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன்."

"நாள் முழுக்கவா?"

"ஆமா சார். சாயந்திரம் பஸ்ஸுலதான் வந்தேன்."

"தோள் எப்படி இருக்கு?"

"பரவால்ல சார். இன்னும் கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

சரி, போ என்றேன். எனக்கு உள்ளே ஒரு திருப்தி. பொய்யை அவன் வாயாலேயே வாங்கியாயிற்று. ஏன் பொய் சொல்கிறாய் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும், பதில் வந்தால் என் கண்டுபிடிப்பு கலைந்துவிடும் என்று என்னில் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருந்தது போல.

அன்று மாலையே மேலாளருக்கு எழுதினேன். இவருடைய உடல்நிலை நம்பத்தக்கதாக இல்லை, இவருடைய வார்த்தையும் அப்படியே, நீண்ட காலத்துக்கு இவரை வைத்துக்கொள்வதில் பயனில்லை. மூன்று வரி. மேலாளர் ஒப்புக்கொண்டார். விடுவிப்பு உத்தரவு தட்டச்சாகி, டிரெய்னி காலம் முடியும் அந்த மாதக் கடைசியில் கொடுப்பதற்காக என் மேஜை இழுப்பறையில் இருந்தது.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, வாசலிலிருந்து காவலாளி ஃபோன் செய்தார். யாரோ பெரியவர் என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். வந்து நின்றது அந்த வழுக்கைத் தலை மனிதர்.

பிசியோதெரபிஸ்ட் என்றார். கன்னடம் கலந்த தமிழ். "ரெண்டு வாரமா பையன் வரலை சார். ஃபோன் மாடினாலும் எடுக்கலை. இந்த நேரத்துல நிறுத்தினா கை கெட்டுப்போகும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பான்னு வந்தேன்."

நோட்டுப் புத்தகத்தை மேஜையில் விரித்தார். வாரா வாரம் கட்டம் போட்டு எழுதியிருந்தது. முதல் வாரம் பன்னிரண்டு பந்து, நடந்து வந்து. அடுத்தது பதினெட்டு. பிறகு இருபத்து நான்கு, நாலடி ஓட்டம். அதற்குப் பிறகான கட்டங்கள் காலியாக இருந்தன.

"கிழிஞ்ச தோள் சும்மா வெச்சிருந்தா வராது சார். எண்ணி எண்ணித்தான் வீசவைக்கணும். இன்னும் ஆறு வாரம் போதும். நல்லா நோடிகிட்டா இந்தக் கை ஏழெட்டு வருஷம் ஓடும், அனுமானமே பேடா, சந்தேகமே வேணாம்."

"எங்களிடம் ஏன் சொல்லவில்லை?" என்றேன். என் குரல் எனக்கே அதிகாரமாகக் கேட்டது.

"அவனுக்குப் பயம். வெளிய வைத்தியம் பார்த்தா லைட் டியூட்டி போயிடும்னு உங்க ஆபீஸ்ல போர்டு போட்டிருக்காங்களாமே." என்னை உற்றுப் பார்த்தார். "அன்னைக்கு டீக்கடையில பேப்பர் படிச்சுகிட்டு இருந்தவரு நீங்கதானே? ஒரு குரல் கூப்பிட்டிருந்தா நானே எல்லாம் சொல்லியிருப்பேனே சார்."

அது நானில்லை என்றேன். எனக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னேன், ஏதோ அது நிரூபணம் என்பதைப் போல. அவர் நோட்டை மூடினார். பேப்பர் கன்னடம் என்று அவர் சொல்லவே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

உத்தரவு இன்னும் இழுப்பறையில்தான் இருந்தது. மேலாளரின் அறை என் அறையிலிருந்து இருபது அடி. போய், நான் தவறாகப் புரிந்துகொண்டேன், இவன் தேறிவருகிறான், பொய் சொன்னதும் என் சுற்றறிக்கைக்குப் பயந்துதான் என்று சொன்னால் போதும். அப்படிச் சொன்னால் வங்கிக்குப் போவதாகச் சொல்லி எல்லை தாண்டி வேவு பார்த்ததையும் சொல்ல வேண்டும். ஏழு நாள் இருந்தது. ஏழு நாளும் நான் என் நாற்காலியில் இருந்தேன்.

கடைசி நாள் அவன் வந்து உத்தரவை வாங்கி இரண்டு முறை படித்தான்.

"கை சரியாயிடும் சார்," என்றான். "வேற கம்பெனி டீமுக்கு முயற்சி பண்றேன். இங்க மேட்ச்சுலதான் அடிபட்டுது, தேறிடும்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க சார். நீங்க எழுதினா நம்புவாங்க."

கம்பெனி மேட்ச்சில் அடிபட்டது என்று எழுதினால் நாளைக்கு அது கம்பெனிக்கு எதிராக நிற்கும் என்று எனக்கு உடனே தோன்றியது. இவன் அதற்குத்தான் கேட்கிறானோ என்று கூட, அந்த நிமிஷத்திலும், சந்தேகப்பட்டேன். சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடத்தை திருப்திகரம் என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். தோளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் சார்," என்றான். கதவருகே திரும்பி வலது கையால் சலாம் வைக்கப் போனான். அத்திப்பள்ளியில் தலைக்கு மேல் சுழன்ற அந்தக் கை இப்போது தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை.