கண்ணாடிமேல் இரண்டு காசு

லோரெய்ன் வாவ்ராவின் வீட்டில் அவளே பார்த்து, அவளே பிடித்துப்போய் வாங்கின சாமான் ஒன்றுகூடக் கிடையாது. சோபா, அக்கா வேண்டாமென்று தள்ளியது. சாப்பாட்டு மேஜை மாமியாருடையது. டிவி, மகள் டெஸ் வேறு வீடு போனபோது விட்டுப் போனது. புருஷன் கென் விட்டுப் போனது ஒரு படகு எஞ்சின். படகு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அது வேறு கதை. ஆள் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் வீட்டின் கீழ்த்தளத்திலிருந்து அந்த எஞ்சினும் போய்த் தொலைந்தது. எஞ்சின் போன இடத்தை லோரெய்ன் தேய்த்துக் கழுவி, தரையில் நீல டேப் ஒட்டி நீளமாக ஒரு கட்டம் போட்டாள்.

"என்னம்மா இது, வீட்டுக்குள்ள பார்க்கிங் போட்டு வெச்சிருக்க?" என்று கேட்டாள் டெஸ்.

"பின்பால் மெஷின் வரப்போகுது."

"எப்போ?"

"வரும்போது வரும். நீ மிதிக்காம தள்ளி நில்லு."

பெர்வின் ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒரு பொம்பளைக்கு, ஐம்பத்தாறு வயசில் பின்பால் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால், துணி துவைக்கிற மெஷின் கெட்டுப்போனதால் பிடித்தது. செர்மாக் ரோட்டில், காசு போட்டு நாமே துவைத்துக்கொள்கிற சலவைக்கடைக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே சுவரோரம் நாலு பின்பால் மெஷின். துணி காய்கிறவரைக்கும் என்ன செய்வது என்று ஒரு குவார்ட்டரை, அதாவது கால் டாலர் காசை, போட்டாள். இரும்புக் குண்டு மேலே போய், பம்பரில் மோதி, மணியடித்து, ஒளிந்து ஓடிக் கீழே வந்தது. பொத்தானைத் தட்டினாள். கீழே துடுப்பு மாதிரி இருந்த ஃபிளிப்பர் எம்பி அடித்த அடியில் குண்டு மறுபடி மேலே பறந்தது. அவ்வளவுதான், ஆள் காலி. துணி காய்ந்து, யாரோ ஒரு புண்ணியவதி அதை எடுத்து மடித்தும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். லோரெய்னுக்கு எதுவும் தெரியாது. வீட்டு மெஷினை அடுத்த வாரமே ரிப்பேர் பார்த்தாயிற்று. அப்புறமும் துணிமூட்டை வாராவாரம் சலவைக்கடைக்குத்தான் போயிற்று.

அவள் ஒருத்தி மட்டுமா? ஊரே அப்படித்தான் கிளம்பியிருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற போலீஸ்காரர் என்று சனிக்கிழமை மத்தியானம் சலவைக்கடையில் லீக் ஆட அப்படியொரு கூட்டம். நாலு குவார்ட்டர் இருந்தால் ஒரு மத்தியானமே போய்விடும், இந்தக் காலத்தில் வேறு எதற்கு அப்படி? ஆனால் சொந்தமாக ஒன்று வேண்டுமென்றால் கதையே வேறு. புது மெஷின் ஒரு காரின் விலை. எழுபதுகளில் வந்த பழைய மணியடிக்கும் மெஷின்களைத்தான் பெரிய பணக்காரர்கள் சீந்துவதில்லை. லோரெய்ன் மாதிரி ஆட்களுக்கு எட்டுகிறது அது ஒன்றுதான்.

அதுவும் அவளுக்கு எட்டவில்லை. காரணம் லீராய் டேட். பக்கத்து ஊர் மேவுட்காரன், அவள் வயசுதான், தபால்காரன். வீடு வீடாகப் போகிறவனுக்கு எவன் கராஜில் என்ன இருக்கிறது, எவன் வீடு காலி பண்ணுகிறான் என்று தெரியாமல் இருக்குமா? அவள் குறிவைத்த மூன்று மெஷினையும் ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போனான். கீழ்த்தளத்தில் ஏற்கெனவே ஏழு. எட்டாவது வந்தால் நான் என் தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவன் பெண்டாட்டி யூனிஸ் சொல்லியிருக்கிறாள். அவன் அதைச் சிரித்துக்கொண்டே ஊரெல்லாம் சொல்லுவான்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. லோரெய்ன் பேக்கரியில் கசகசா வைத்த கொலாச்சி பன் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வெளியே வருகிறாள், போனில் ஒரு விளம்பரம் வந்தது: 'கீழ்த்தளத்தில் பழைய பின்பால் மெஷின். இலவசம். இன்றைக்கே எடுத்துக்கொண்டு போகவேண்டும்.' விலாசம் நாலு தெரு தள்ளி. அவள் கார் எடுத்த வேகத்தைப் பார்த்திருந்தால் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு பஸ் சாவியே கொடுத்திருக்க மாட்டார்கள்.

கதவைத் திறந்தவள் மாரிசெல், நிறைமாசக் கர்ப்பிணி. வீடு வாங்கினபோது கூடவே வந்த மெஷினாம். குழந்தை வருவதற்குள் அந்த இடம் காலியாக வேண்டும். லோரெய்ன் கொலாச்சிப் பெட்டியை அவள் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

கடவுளே! காமெட் ரோடியோ மாடல்! வால் நட்சத்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து கயிறு சுழற்றும் பெண்ணின் படம் கொஞ்சமும் உரியாமல் அப்படியே இருந்தது. லோரெய்ன் பையில் துழாவி ஒரு குவார்ட்டரை எடுத்து மெஷின் கண்ணாடியின் ஓரத்தில் டக்கென்று வைத்தாள்.

படியில் செருப்புச் சத்தம். திரும்பாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நீளமான ஒரு கை அவள் தோளைத் தாண்டி வந்து, அவள் காசுக்குப் பக்கத்தில் இன்னொரு காசை வைத்தது.

"யோவ் லீராய்! நான்தான்யா முதல்ல வெச்சேன்!"

"வெச்ச, யாரு இல்லேன்னது? கண்ணாடிமேல காசு வெச்சா அடுத்த ஆட்டம் உன்னுது டிரைவரம்மா. மெஷினே உன்னுதுன்னு எந்த ஊர் சட்டம்?"

"உனக்கு ஏழு இருக்குய்யா, வயித்தெரிச்சலக் கொட்டிக்காத!"

"இந்த மாடல் இல்லையே."

மாரிசெல் கொலாச்சியைக் கடித்துக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். "எதுக்குங்க இந்தக் காசு?"

"அடுத்து ஆடப்போறது யாருன்னு வரிசை," என்றாள் லோரெய்ன்.

"யாராச்சும் எடுத்துட்டா?"

"எடுக்க மாட்டாங்க!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப ஆடிருங்க," என்றாள் மாரிசெல். "ஜெயிச்சவங்க தூக்கிட்டுப் போங்க. தோத்தவங்க கூட ஒரு கை பிடிக்கணும். என் வீட்டுக்காரருக்கு முதுகு வலி." சொல்லிவிட்டு உலர்த்தும் மெஷின் மேல் சாய்ந்துகொண்டாள்.

அந்த வீட்டில் முன்னே இருந்தவர்கள் காசு போடாமலே ஆடுகிற மாதிரி மாற்றி வைத்திருந்தார்கள். அதனால் இரண்டு காசும் கண்ணாடிமேல் இருந்த இடத்திலேயே இருந்தன. பூவா தலையா போட்டதில் லீராய் முதல் ஆள், லோரெய்ன் இரண்டாவது. ஆளுக்கு ஐந்து குண்டு, மாற்றி மாற்றி ஆடவேண்டும். யாருடைய முறை என்று காட்டுகிற குட்டி விளக்குகள் இரண்டும் அவிந்து கிடந்தன. மேலே இடதுபக்கச் சந்தில் குண்டு புகுந்தால் மணி அடிக்கவேண்டும், அடிக்கவில்லை.

"அந்தச் சந்துல சுவிட்ச் செத்துப்போச்சு," என்றான் லீராய்.

"உன் மூஞ்சியப் பாத்துருக்கும்."

நாலு குண்டு முடிந்தபோது லீராய் நாற்பத்திரண்டாயிரம், லோரெய்ன் நாற்பதாயிரம். கழுத்துக்குக் கழுத்து. அவள் முதுகில் வியர்வை வழிந்தது. லீராய் ஐந்தாவது குண்டுக்கு ஸ்பிரிங் கம்பியை இழுத்துவிட்டான். குண்டு மேலே ஏறி, அந்தச் செத்த சந்தில் புகுந்து, ஒன்றிலும் உரசாமல் நேராக இறங்கி, இரண்டு ஃபிளிப்பருக்கும் நடுவே சொய்யென்று போயே போய்விட்டது.

"ஐயோ, போச்சே!" லீராய் தலையில் அடித்துக்கொண்டு போய் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான்.

டக். குண்டு கம்பிக்கு முன்னால் வந்து நின்றது. இரண்டாயிரம்தான் வித்தியாசம்! லோரெய்ன் பாய்ந்து போய்க் கம்பியை இழுத்தாள்.

அப்படி ஒரு குண்டு அவள் ஆயுளில் ஆடியதில்லை. மூன்று பம்பருக்கு நடுவே குண்டு மாட்டிக்கொண்டு மணி கணகணவென்று கல்யாண வீடு மாதிரி அடித்தது. கீழே வந்ததை இடது ஃபிளிப்பரில் தாங்கி, நிதானமாகக் குறிபார்த்து, வரிசையாக நின்ற பலகைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்தாள். வால் நட்சத்திரக் குழியில் இரண்டு தடவை போட்டாள். "அடி சக்கை!" என்று லீராயே தன்னை மறந்து கத்திவிட்டான்.

"ஏங்க," என்றாள் மாரிசெல், மேலே எண்கள் ஓடுகிற இடத்தைப் பார்த்தபடி, "ஓடற நம்பர் இவரோடதுல்ல?"

லோரெய்ன் ஒரு கணம் நிமிர்ந்தாள். முதல் ஆளின் எண்கள் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தன. அவளுடையது தூங்கிக்கொண்டிருந்தது. பழைய மெஷின் நியாயஸ்தன்: ஒரு புள்ளிகூட எடுக்காமல் குண்டு விழுந்தால், விழுந்ததாகவே வைத்துக்கொள்ளாது, அதே ஆளுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். சலவைக்கடையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது. அவளுக்கும் தெரியும். அவசரத்தில் மறந்து தொலைத்தாள். இவ்வளவு நேரமும் அவள் ஆடியது லீராயின் குண்டு.

விட்டுவிடலாம். கையை எடுத்தால் குண்டு தானே விழும். கை கேட்டால்தானே? உயிரோடு ஓடுகிற குண்டை விடுகிற ஜாதியில்லை அவள். அழுகை முட்டிக்கொண்டு வரும்போதும் தட்டினாள், தட்டினாள், அதுவாக விழுகிறவரை தட்டினாள். லீராய் கணக்கில் எழுபத்துமூவாயிரம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

லீராய் மெதுவாக வந்தான். "மார்ச் மாசம் சலவைக்கடையில நான் ஒருத்தன் குண்டைத் தெரியாம ஆடிட்டேன். அப்ப மேஜையத் தட்டி யாரு கத்துனது? 'அடுத்தவன் குண்டைத் தொட்டவன் வெளிய'ன்னு?"

"நான்தான்."

"நான் அன்னைக்கு ஜெயிச்சிட்டிருந்தேன்."

"தெரியும். சட்டம் சட்டம்தான். நான் அவுட்." வீட்டுத் தரையில் ஒட்டின நீல டேப் கண்ணில் வந்து நின்றது. கண்ணாடிமேல் இருந்த தன் காசை எடுக்கக் கை நீட்டினாள்.

"காசை எடுக்காத."

"ஏன்யா?"

லீராய் மெஷினைப் பார்த்தான். கயிறு சுழற்றும் பெண்ணைப் பார்த்தான். அவனுக்கு அது வேண்டும், முகத்திலேயே எழுதியிருந்தது. "இதக் கொண்டுபோய் வெச்சா வர்றவன் போறவன் எல்லாம் கேப்பான், எத்தனை எடுத்து ஜெயிச்சேன்னு. லோரெய்ன் எடுத்துக் குடுத்தான்னு சொல்றதா? மானம் போயிரும். உன் குண்டு ஒண்ணு பாக்கி இருக்கு, ஆடு. ஆனா என் நம்பர்ல ஒரு புள்ளி குறைக்க மாட்டேன்."

"அது நான் எடுத்த நம்பர்யா!"

"என் பேர்ல இருக்குல்ல?"

"சீக்கிரம் ஆடுங்க, எனக்கு இடுப்பு வலிக்குது," என்றாள் மாரிசெல்.

லோரெய்ன் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கம்பியை இழுத்துவிட்டாள். குண்டு ஏறியது. அதே இடது சந்து. அதே செத்த சுவிட்ச். நேராக நடுவில் இறங்கிப் போய்விட்டது.

"அடப் பாவமே!" என்றாள் மாரிசெல். லீராய் இரண்டு கையையும் தூக்கினான். தூக்கின கை அப்படியே நின்றது.

டக்.

"இது யாருது?" என்று மாரிசெல் கிசுகிசுத்தாள்.

லோரெய்ன் இந்தத் தடவை அசையவில்லை. லீராயின் வாயைப் பார்த்தாள்.

"அவளுதுதான்," என்றான் லீராய், விளக்கெண்ணெய் குடித்தவன் முகத்தோடு. "இந்தக் கிழட்டுக் கழுதைக்கு ஆளே பாக்கத் தெரியாது. எல்லாருக்கும் திருப்பிக் குடுக்கும்."

அவள் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி விட்டாள். குண்டு வலது சந்தில் விழுந்து மணி அடித்தது. அவளுடைய எண்கள் விழித்துக்கொண்டன. பம்பர், பலகை, குழி, மறுபடி பம்பர். மாரிசெல் வாய் நிறையக் கொலாச்சியோடு எண்ணைக் கத்திக்கொண்டிருந்தாள்: "அறுபது! அறுபத்தஞ்சு! எழுபது! அம்மாடி, எழுபத்திரெண்டு!" அப்போதுதான் குண்டு ஓரத்து வாய்க்காலை நோக்கி உருண்டது. அங்கே போனால் எந்தத் தட்டலும் எட்டாது. மெஷினை ஓங்கி ஆட்டினால் அது கோபித்துக்கொண்டு விளக்கை அணைத்து ஆட்டத்தையே நிறுத்திவிடும். ஆட்டாமல் விட்டால் குண்டு போய்விடும். லோரெய்ன் இடுப்பால் ஒரு இடி இடித்தாள், பஸ்ஸில் சண்டை போடுகிற பிள்ளைகளைப் பிரித்துவிடுகிற அளவுக்கு, அவ்வளவே. குண்டு விளிம்பில் தடுமாறி உள்ளே சாய்ந்தது. ஃபிளிப்பர் எம்பியது. கண கண கண!

"எழுபத்தி நாலு! தாண்டிட்டீங்க!"

லோரெய்ன் ஊளையிட்டாள். வேறெப்படிச் சொல்வது, ஊளைதான். ஆனால் கை நிற்கவில்லை. "நிறுத்தாத, நிறுத்தாத, வலது பக்கம் பாரு!" என்று கத்தியது தோற்றுப்போன லீராய்தான்.

தூக்குமுன் இரண்டு பேரும் அவரவர் காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். தோற்றவன் ஒரு கை பிடிக்கவேண்டும் என்பது பேச்சு. லீராய் கனமான பக்கத்தைப் பிடித்தான். படியேறும்போது மெஷினை, பெர்வினை, தபால் இலாகாவை, தன் முழங்காலை என்று எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே வந்தான். மத்தியானம் அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நாலு காலையும் முடுக்கி நிறுத்தினார்கள். மெஷின் நீலக் கட்டத்துக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது.

"அளவு தெரியாம கோடு போட்டிருக்க," என்றான் லீராய்.

"கோடு கிடக்குது, போ." அவள் கண்ணாடியைப் புறங்கையால் தடவினாள். இது அக்கா தள்ளியதில்லை, மாமியாருடையதில்லை, யாரும் விட்டுப் போனதில்லை. அவள் ஆசைப்பட்டு, ஆடி எடுத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொத்தானை அமுக்கப் போனாள்.

கண்ணாடி ஓரத்தில் ஒரு காசு இருந்தது.

"என்னுது," என்றான் லீராய். "காலையில வெச்ச அதே காசு. உன் காசுக்கு நீ ஆடிட்ட. அடுத்த ஆட்டம் யாருது?"

"யோவ், இது என் வீடுய்யா! என் மெஷின்!"

"காசை வேணா எடுத்துக்கோ."

அவளால் முடியாது. அது அவனுக்கும் தெரியும். சொந்த வீட்டில், சொந்த மெஷினில், முதல் ஆட்டம் லீராய் டேட்டுக்கு! லோரெய்ன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். பிறகு பையிலிருந்து தன் குவார்ட்டரை எடுத்து, அவன் காசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் முறைக்காகத் தள்ளி நின்றாள்.