இடது பக்கத்துப் பூதம்

உத்திராபதி அந்த பிரவுசிங் சென்டருக்குள் போனது மகளின் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க. மகள் பாஸாகிவிட்டாள். மாட்டிக்கொண்டது அப்பன்தான்.

பெரம்பலூருக்கும் கீழப்பழுவூருக்கும் நடுவே, அரியலூர் வழியாக, ராசாங்கம் முதலாளியின் தனியார் பஸ்ஸை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் பேய்போல வரும் ரோடு. அதில் வண்டியின் மேல் ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்து நிறுத்துகிறவர் என்று அவருக்கு நல்ல பெயர். அந்தப் பெயர் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. டீக்கடையில் இளவட்ட டிரைவர்களைக் கண்டால் போதும், ரோட்டில் கண் இருக்க வேண்டிய விதத்தைப் பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். அவர்களும் டீ ஆறும்வரை கேட்டுத் தொலைப்பார்கள்.

2006-ஆம் வருடத்துக் கோடை அது. ரிசல்ட் வரத் தாமதமானதால் சென்டர் நடத்தும் மஞ்சு, சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு கேம் போட்டுக் கொடுத்தாள். குட்டி மனிதன் ஒருவன் ஓடுகிறான். குழி வந்தால் தாண்ட வேண்டும், கிளை வந்தால் குனிய வேண்டும், அவ்வளவுதான்.

"இது எந்தக் கம்பெனிம்மா?"

"கம்பெனி எல்லாம் இல்லண்ணே. எங்கியோ ஒரே ஆளு வூட்டுல உக்காந்து செஞ்சு, நெட்டுல சும்மா போட்டு வச்சிருக்கான். இது மாதிரி நெறைய புடிச்சு வச்சிருக்கேன்."

ஒற்றை ஆள் செய்தது என்றதும் உத்திராபதிக்கு அதன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. அன்றிலிருந்து மத்தியான டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவே மாடிப்படி ஏறிவிடுவார். தூங்கி எழுந்து முகம் கழுவ வேண்டிய நேரத்தில் காக்கிச்சட்டையோடு உட்கார்ந்து பட்டனைத் தட்டுவார். கம்ப்யூட்டரில் பாட்டு டவுன்லோடு செய்ய வந்த காலேஜ் பையன்கள் சிரித்ததை அவர் சட்டை செய்யவில்லை.

குழியெல்லாம் அநாயாசமாகத் தாண்டினார். கிளைக்குக் குனிந்தார். ஆனால் ஓடுகிறவனைப் பின்னாலிருந்து ஒரு கறுப்புப் பூதம் துரத்தும். திரையின் இடது ஓரத்தில் தலைகாட்டும், அது நெருங்கும்போது வேகத்தைக் கூட்ட வேண்டும். அதனிடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் மாட்டினார்.

"இந்தப் பூதம் எங்கேர்ந்துதான் வருதோ! கண்ணுலயே படாம வந்து புடிச்சுடுது. ஒத்த ஆளு செஞ்சதுல்ல, எங்கியோ கோளாறு இருக்கும்."

மஞ்சு அதே கேமை ஆடிப் பார்த்தாள். பூதம் ஒழுங்காகத்தான் வந்தது. பெரிய மனுசன் தோற்றுவிட்டு நொண்டிச்சாக்கு சொல்கிறார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். அவர் மனம் நோகக்கூடாது என்று வேறு ஜாதி கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள்.

அது பழைய காலத்துக் கட்டம் கட்டமான படம். ஒரு வீரன், ஒரு ஊர், ஊரைத் தாண்டிக் காடு, குகை. ஊரில் உள்ளவர்களிடம் பேச்சுக் கொடுத்து, வாளும் விளக்கும் சம்பாதித்து, குகைக்குள் போய்ச் சிறைப்பட்ட பெண்ணை மீட்க வேண்டும். இங்கிலீஷில் வருகிற பேச்சை மஞ்சு பக்கத்தில் நின்று தமிழில் சொல்லுவாள். இதில் யாரும் துரத்தவில்லை. நீங்கள் ஒரு அடி வைத்தால்தான் எதிராளியும் ஒரு அடி வைப்பான். உத்திராபதி சொக்கிப்போனார். வீட்டில் சோறு போடும்போதுகூட வீரனைப் பற்றியே பேச, மனைவி அம்சவள்ளி, "அந்தப் பொண்ண மீட்டது போதும், ரேஷன் கடையிலேர்ந்து சக்கரைய மீட்டுக்கிட்டு வாங்க" என்றாள்.

குகை வரைக்கும் வந்தவர் குகைக்குள் சிக்கிக்கொண்டார். நாள்கணக்கில் ஒரே அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கதவே வைக்காம வுட்டுட்டான் மஞ்சு, படுபாவி."

மஞ்சு எட்டிப் பார்த்தாள். அறையின் இடது சுவரில் சிவப்புக் கதவு பளிச்சென்று இருந்தது. "அண்ணே, விளையாடுறீங்களா? இதோ இருக்கே."

அவள் விரல் போன பக்கம் அவர் முகத்தைத் திருப்பினார். கதவு இருந்தது. முகத்தைப் பழையபடி நேராக வைத்து, நடுவில் நிற்கும் வீரனைப் பார்த்தார். கதவு இல்லை. அங்கே இருட்டுகூட இல்லை, ஒன்றுமே இல்லை. மறுபடி திருப்பினார், இருந்தது.

மஞ்சு இப்போது சிரிக்கவில்லை. "வண்டி எப்படிண்ணே ஓட்டுறீங்க?" என்று கேட்டாள். ரொம்ப மெதுவாகத்தான் கேட்டாள்.

எப்படி ஓட்டுகிறார் என்பது படி இறங்கும்போதே அவருக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. எதிரே வருவதும் முந்துவதும் வலது பக்கம். அது அவர் பாடு. இடது பக்கம் படிக்கட்டில் தொங்கும் கண்டக்டர் கண்ணையன் பாடு. தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி, "சைக்கிள்ண்ணே, வலத்த ஒடி", "ஆளு எறங்குது, இரு இரு", "போலாம் ரைட்" என்று ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே வருவான். எல்லா வண்டியிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் கேமில் கண்ணையன் இல்லை. அதனால்தான் பூதம் பிடித்தது.

லீவு போட்டுத் திருச்சிக்குப் போனார். தலைக்குள் எப்போதோ ஒரு சின்ன அடைப்பு வந்து போயிருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு கண்ணிலும் இடது பாதிப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, வண்டியைத் தொடவே கூடாது. கண்ணே தெரியாதவனுக்குத் தெரியவில்லை என்பதாவது தெரியும். இந்த வியாதிக்காரனுக்கு அதுவும் தெரியாது. வண்டி போனால் சோறு போகும். மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டும். ஒரு பஸ் நிறைய சனம் வேறு.

பெரம்பலூரில் இறங்கியதும் ஷெட்டில் தனியாக இருந்த கண்ணையனிடம் முதலில் சொன்னார். கண்ணையன் திடுக்கிடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தெரியும்ண்ணே. போன வருசத்துலேர்ந்தே தெரியும். அதான் நான் பின்னாடி டிக்கெட் போடப் போறதையே கொறச்சுட்டேன்."

"நீ பின்னாடி போன நேரத்துல ஏதாச்சும்..."

கண்ணையன் விசிலைச் சட்டைப்பையில் போட்டான். அப்புறம் எடுத்தான். "அதெல்லாம் இப்ப எதுக்குண்ணே?" என்றான்.

உத்திராபதி மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

முதலாளி வைத்து வாங்குவார் என்று நினைத்துப் போனார். ராசாங்கம் வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார். "அட, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருக்க? கண்ணையன் அப்பவே சொல்லிட்டான்யா. அதனாலதான் அவன வேற வண்டிக்கு மாத்தாம ஒன்கூடவே வச்சிருக்கேன். லைசென்சு இருக்குல்ல? ஓட்டு. யாரு கேக்கப் போறா?"

யாரும் கேட்கப் போவதில்லை. அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. திட்டியிருந்தால் அழுதிருக்கலாம், துரத்தியிருந்தால் முதலாளியைச் சபித்திருக்கலாம். இப்படிச் சாவியைக் கையில் திணித்தால் மனுசன் என்ன செய்வான்? அம்சவள்ளியிடம் சொன்னார். அவள் அவர் தொடாத தட்டை எடுத்து மூடி வைத்தாள். பிறகு, "நாளைக்கு நான் ஒங்க வண்டியில ஏற மாட்டேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்" என்றாள்.

விடிந்ததும் ஸ்டாண்டுக்குப் போனார். வண்டி கிளம்பத் தயாராக நின்றது. கண்ணையன் படியில் நின்று, "வாங்கண்ணே, நேரமாச்சு" என்று கூப்பிட்டான். உத்திராபதி சாவியை அவன் கையில் வைத்துவிட்டு, வேறு டிரைவரைக் கூட்டிவரச் சொன்னார். கண்ணையன் என்னென்னவோ சொல்லிக் கெஞ்சினான். அவர் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி இடது பக்கம் போனார். டிரைவர் சீட்டுக்குப் போகிறவனுக்கு அந்தப் பக்கம் வேலையே கிடையாது. எத்தனையோ வருடத்தில் இன்றுதான் அங்கே நிற்கிறார்.

முன் சக்கரத்தை ஒட்டி ஒருத்தி கைக்குழந்தையோடு குந்தியிருந்தாள். பூக்கூடையைத் தரையில் வைத்துவிட்டு இன்னொருத்தி சில்லறை தேடிக்கொண்டிருந்தாள். யூனிபார்ம் போட்ட பெண் பிள்ளைகள் சக்கரத்தின் மேல் பையைச் சாய்த்து வைத்துச் சடை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் தகரத்தில் கையூன்றிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணையன் பின்னால் டிக்கெட் போடப் போயிருந்த நாளிலும் இவர்கள் இங்கேதான் நின்றிருப்பார்கள்.

முகத்தை நன்றாகத் திருப்பி, ஒவ்வொருவராகப் பார்த்தார்.