ஆரோக்கியமான நபர் ஒன்று

காயம் பட்டால் உடம்பு ஏன் வீங்கிச் சிவக்கிறது, சிலருக்கு அந்த அழற்சி ஏன் அடங்குவதே இல்லை என்று இருபத்திரண்டு வருடங்களாக ஆராய்ச்சி செய்கிறாள் என் மனைவி. கொசு கடித்தால் நாம் சொறிவோம். அவள் ஸ்கேல் எடுத்து அளப்பாள்.

நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் அவளுக்கு வேண்டும். அதற்கு வாய்த்தவன் நான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கையை நீட்டுவேன். அவள் கட்டுரைகளில் எனக்குப் பெயர் 'ஆரோக்கியமான நபர் 1'. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு நான் அச்சில் வந்தது அவ்வளவுதான்.

போன மாதம் என் ரத்தத்தில் அழற்சியின் அளவு எகிறிவிட்டது. அவள் சந்தேகப்பட்டது கருவியைத்தான். மூன்று நாள் அதைக் கழற்றிக் கழற்றிச் சுத்தம் செய்தாள். வீட்டில் நான் ஒரு பக்கமாகவே மென்று தின்பது அவள் கண்ணில் படவில்லை. பல் டாக்டருக்குப் பயந்து நானும் மூச்சு விடவில்லை.

நாலாம் நாள் காலை, சாப்பிட்டுக்கொண்டிருந்த என் எதிரே வந்து நின்றாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்க வாயத் திறங்க."

டார்ச் அடித்துப் பார்த்தாள். கடைவாய்ப் பல்லடியில் ஈறு வீங்கியிருந்தது.

"இத்தன வருஷமா உங்க ரத்தத்தப் பாத்தேன். மூஞ்சியப் பாக்கலையே" என்றாள்.

பரவாயில்லை என்று சொல்லியிருப்பேன். வாயை மூடவிட்டால்தானே.